நிலாவுக்கு வைத்த சின்னத் தட்டு

அந்த வருஷத்தில் நான்காவது தடவையாகப் புருஷனின் கால்சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. இடுப்புப் பட்டிக்கு உள்ளே, பின்னால் உதவட்டும் என்று ஒன்றரை அங்குலம் துணியை மடித்து விடுவது அவள் வழக்கம். தெருவுக்கே அப்படித்தான் தைத்துக் கொடுப்பாள். அந்த ஒன்றரை அங்குலமும் இப்போது தீர்ந்துவிட்டது. பிளேடு முனையால் கடைசி நூலை நெம்பி எடுத்து, துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பழைய தையல் ஓடிய இடமெல்லாம் வரிசை வரிசையாக ஊசித் துளை.

“என்னங்க, இனிமே பிரிச்சு விடறதுக்குத் துணி இல்ல.”

கட்டிலிலிருந்து கனமான ஏப்பம் ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே குரல் வந்தது.

“ஒட்டுப் போட்டுடேன்.”

“எதுக்கு? கால்சட்டைக்கா, உங்க வாய்க்கா?”

பதிலுக்குக் குறட்டை வந்தது. மணி காலை ஏழு. தெருவே எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வீட்டின் படுக்கையறைக்கு மட்டும் இரட்டைத் திரை போட்டு இருட்டாக்கியிருந்தது. திரையும் அவள் தைத்ததுதான்.

அவள் புருஷன் ரொட்டி மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பேக்கரியில், ஒரே அடுப்பு. இரவு எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் காலை ஐந்தரைக்குத் திரும்புவார். ஊர் ஜனம் காலையில் பிய்த்துத் தின்கிற ரொட்டியெல்லாம் அவர் கை பட்டு வெந்ததுதான். அடுப்புக்குள் தட்டைத் தள்ளுகிற கை வலது கை என்பதால், சட்டையின் வலது கை முனை மட்டும் எப்போதும் கருகியிருக்கும். கல்யாணத்துக்கு முன் அந்தக் கருகிய முனையை மாற்றித் தைக்கச் சொல்லி ஒரே மாதத்தில் மூன்று முறை அவளிடம் வந்தார். மூன்றாவது முறை, எரிந்த சட்டை கிடைக்காமல் நல்ல சட்டையைக் கத்தரித்து எடுத்து வந்திருந்தார். தீ இப்படி நேர்க்கோட்டில் எரியுமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் விழுந்தவள்தான். இன்றுவரை எழுந்திருக்கவில்லை. பெற்ற ஒரே மகளும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அவர் அடுப்பும் இவள் மெஷினுமாக ஓடிக்கொண்டிருந்தது குடும்பம்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஏழு மாதத்துக்கு முன் அந்தப் படம் வீட்டுக்குள் வருகிற வரைக்கும்.

மாஸ்டருக்கு லேசாக நெஞ்செரிச்சல். கடைத்தெருக் கிளினிக்குக்குப் போனார். வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். டாக்டரம்மா மூன்று நிமிஷம் பார்த்து, ஒரு மாத்திரை எழுதி, “காலைல நல்லா சாப்பிடுங்க, ராத்திரியில கொறைச்சுக்கங்க” என்று எல்லோருக்கும் சொல்வதையே சொல்லி அனுப்பிவிட்டார். நர்ஸ் ஒரு அச்சடித்த படத்தைக் கையில் கொடுத்தாள். படத்தில் மூன்று தட்டுகள். பெரிய தட்டுக்குக் கீழே உதிக்கிற சூரியன், நடுத்தரத் தட்டுக்குக் கீழே உச்சி வெயில், சின்னத் தட்டுக்குக் கீழே நிலா. பெரிய தட்டு ததும்பி வழிந்தது. சின்னத் தட்டில் இரண்டே கவளம் இருந்தது.

மாஸ்டர் அதைப் புதையல் மாதிரி கொண்டுவந்தார். தன் கையாலேயே மைதா மாவைப் பசையாகக் காய்ச்சி, சமையலறைக் குழாய்க்கு மேலே ஒட்டினார். இருபத்திரண்டு வருஷம் மாவு பிசைந்த கை காய்ச்சிய பசையல்லவா? சுவரைப் பெயர்த்தாலும் படம் பெயராது.

அன்றிலிருந்து பிடித்தது சனி.

காலை ஐந்தரைக்கு அவர் வீட்டுக்குள் நுழையும்போது பெரிய தட்டு தயாராக இருக்க வேண்டும். மலைபோலச் சோறு, பருப்பு, மூன்று முட்டை, பொரித்த மீன், கிண்ணம் நிறையத் தயிர். அவ்வளவும் ஆக, நாலு மணிக்கு அடுப்பை மூட்டுவாள் தையல்காரி. அவர் உண்டு முடித்து, கை கழுவி, கட்டில் வரை நடந்து படுத்துவிடுவார். அடுத்தது உச்சி வெயில் தட்டு. நல்ல தூக்கத்தில் இருக்கிற மனுஷன், அதற்கென்றே அலாரம் வைத்துக்கொண்டு பகல் பன்னிரண்டரைக்கு எழுந்து வருவார். கண்ணைத் திறக்காமலே சாப்பிடுவார். ஒரு நாள் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவள் ஊசி குத்தி வைக்கிற பஞ்சு உருண்டையை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார். அவள் மெஷினை விட்டுப் பாய்ந்து பிடுங்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

கொடுமையிலும் கொடுமை மாலைச் சாப்பாடுதான். ஏழு மணிக்கு இரண்டு கவளம் சோறு, அரைக் கிண்ணம் சூப், அவ்வளவோடு எழுந்துவிடுவார். எதிரே ஒன்பது மணி நேரம் நெருப்போடு நிற்கிற வேலை!

“இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போங்களேன். வயித்துல ஒண்ணுமில்லாம அடுப்புகிட்ட எப்படி நிப்பீங்க?”

“நிலா வந்தாச்சு.”

“எங்க வந்துச்சு? வானம் முழுக்க மேகம்.”

“மேகத்துக்குப் பின்னால இருக்கும். நமக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?”

“சரி, பேக்கரியிலயாவது ஒரு ரொட்டியைப் பிச்சுப் போட்டுக்கலாமில்ல? அறுநூறு ரொட்டி சுடறீங்க!”

“அங்கயும் அதே நிலாதான்டி.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மகளிடம் போனில் புலம்பினாள். “விடும்மா, அப்பா டாக்டர் பேச்சைக் கேக்கறதே பெரிசு” என்று மகள் சிரித்தாள். கேட்கிறார்தான். ஒரு நாள் பிசகாமல் கேட்கிறார். அப்படியானால் நெஞ்செரிச்சல் ஏன் கூடிக்கொண்டே போகிறது? இடுப்பு இப்படிப் பெருக்கிறவர் வேலையிலிருந்து வரும்போது கை நடுங்க, முகம் வெளுத்து, எட்டு நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி ஏன் வருகிறார்? எங்கோ ஏதோ தப்பாக இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. ஏழு மாதம் அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்று பாத்திரம் தேய்த்தவளுக்குப் பிடிபடவில்லை.

கால்சட்டையில் துணி தீர்ந்த மறுநாள் காலை, மாஸ்டர் வலது கையில் கட்டோடு வந்தார்.

“என்னங்க இது!” கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“ஒண்ணுமில்ல. லேசா சுட்டுடுச்சு.”

“இருபத்திரண்டு வருஷமாச் சுடாத அடுப்பு இப்ப ஏன் சுடுது? உண்மையைச் சொல்லுங்க.”

அவர் பெரிய தட்டைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதன்முறையாக அதைத் தொடவில்லை.

“தலை சுத்திடுச்சு. தட்டோட அப்படியே சாஞ்சுட்டேன். பக்கத்துல இருந்தவங்க இழுத்துட்டாங்க. இல்லைன்னா...” கட்டின் நுனியை நீவிவிட்டுக்கொண்டார். “முதலாளி என்னை அடுப்புகிட்ட நிக்கக் கூடாதுன்னுட்டாரு. ரொட்டிக்கு உறை போடற மேஜையில உக்கார வெச்சிருக்காரு. உடம்பு சரியா இருக்குன்னு மாசக் கடைசிக்குள்ள டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரணுமாம். இல்லைன்னா அடுப்பு அவரு மச்சினனுக்காம்.”

“அந்த அடி கருக்கற ஆளுக்கா?”

“அவனுக்குத்தான்.”

சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்தார். இடது கையால் துடைத்தார், வலது கையில் கட்டு இருந்ததால். அப்பா செத்தபோதுகூட அடுப்புக்கு முன்னால் நின்றுதான் அழுதேன் என்று சொல்லுகிற மனுஷன். அந்த அடுப்பைப் பிடுங்கினால் இவரிடம் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு ஏப்பமும் ஒரு குறட்டையும்தான்.

மாசக் கடைசிக்குப் பதினெட்டே நாள். அன்று எட்டு மணிக்கே அவரைத் தள்ளிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

எடை பார்க்கிற மெஷினில் அவர் ஏறி நின்றதும் டாக்டரம்மாவின் புருவம் ஏறியது.

“ஏழு மாசத்துல ஒன்பது கிலோவா? நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? படம் குடுத்தேனே, பாக்கவே இல்லையா?”

“ஒரு நாள் தவறல டாக்டரம்மா. சத்தியமாச் சொல்றேன்.”

டாக்டரம்மா தையல்காரி பக்கம் திரும்பினார். “நீங்கதானே சமைக்கறது? என்னத்தைத்தான் ஆக்கிப் போடறீங்க இவருக்கு?”

அவ்வளவுதான். ஏழு மாதமாக நாலு மணிக்கு எழுந்தவளின் வயிறு பற்றி எரிந்தது.

“நீங்க போடச் சொன்னதைத்தான் போட்டேன்! சூரியன் வந்தா மலை மாதிரி, நிலா வந்தா மடு மாதிரி. காலைல பெரிய தட்டு. ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டாரு.”

“சரி, சாப்பிட்டதும் நடக்கறாரா?”

“நடக்கறாரு. கட்டில் வரைக்கும்.”

“காலையில கட்டில்ல என்ன வேலை?”

“தூங்கற வேலைதான். வேற என்ன?”

“காலையிலயா?”

“அப்பத்தானே வேலை முடிஞ்சு வர்றாரு!”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. “உங்களுக்கு என்ன வேலை?”

“ரொட்டி மாஸ்டர்.”

“ராத்திரி வேலையா? என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கலையே டாக்டரம்மா. நெஞ்செரிச்சல்னு வந்தவன் நெஞ்சைப் பத்தித்தானே சொல்லணும்? அடுப்பைப் பத்தியா சொல்லுவாங்க?”

சுவரில் அதே படம் பெரிய அளவில் மாட்டியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். மூன்று தட்டு, இரண்டு சூரியன், ஒரு நிலா. தையல்காரிக்கு உள்ளே ஏதோ சரேலென்று கிழிந்தது. அடக் கடவுளே!

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். “அது வானத்துச் சூரியன் இல்லைங்க. நீங்க எந்திரிச்சு வேலைக்குக் கிளம்பறீங்களே, அதுதான் உங்களுக்குக் காலை. உழைக்கப் போறதுக்கு முன்னால வயிறு நிறையணும். படுக்கப் போறதுக்கு முன்னால லேசா இருக்கணும். அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். நீங்க ஏழு மாசமா வயிறு முட்டத் தின்னுட்டுத் தூங்கிட்டு, வெறும் வயித்தோட நெருப்புகிட்ட நின்னிருக்கீங்க.”

“படத்துல நிலாதானே போட்டிருந்துச்சு?” என்றார் மாஸ்டர், குழந்தை மாதிரி.

“நிலாவாம் நிலா!” தையல்காரி எழுந்தே விட்டாள். “ஒரு கால்சட்டை வெட்டணும்னாக்கூட ஆளை நிக்க வெச்சு, டேப்பைச் சுத்தி, மூச்சை விடுங்க, இழுங்கன்னு பாத்துத்தான் துணியில கத்திரி வைப்பேன். ஊருக்கெல்லாம் ஒரே அளவுல தெச்சு அடுக்கி வெச்சா எவனுக்கு இறங்கும்? நீங்க அளவே எடுக்காம வெட்டிட்டீங்க டாக்டரம்மா. இந்த மனுஷன் ஏன் பிடிக்குதுன்னு யோசிக்காம மாட்டிக்கிட்டு அலைஞ்சாரு. நான் ஒருத்தி, இருபத்தஞ்சு வருஷமா டேப்பைக் கழுத்துல போட்டிருக்கறவ, பக்கத்துலயே நின்னு பிரிச்சுப் பிரிச்சு விட்டேனே! எனக்காவது புத்தி வேணாமா?”

சொல்லி முடித்ததும் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“தப்பு என் பேர்லயும்தான்” என்றார் டாக்டரம்மா. “ஆனா இப்ப எழுதித் தர முடியாது. பதினஞ்சு நாள் மாத்திச் சாப்பிட்டுட்டு வரட்டும். உடம்பு தேறியிருந்தா, மாசக் கடைசிக்குள்ள நானே எழுதித் தர்றேன்.” பிறகு கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு பார்வை பார்த்தார். “நீங்களும் அந்த மெஷின்ல ஏறி நில்லுங்க.”

“எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“ஏறுங்க.”

ஏறினாள். முள் பாதிவழியிலேயே நின்றுவிட்டது.

“இந்த உயரத்துக்கு இது பத்தவே பத்தாது. நீங்க எப்ப சாப்பிடறீங்க?”

“நான் சாப்பிட்டுக்கிட்டேதானே இருக்கேன்...” என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே மெஷினிலிருந்து இறங்கினாள். காலையில் அந்த மலையைப் பார்த்தாலே அவளுக்குத் தொண்டை அடைத்துவிடும். தேநீரோடு மெஷினில் உட்கார்ந்தால், பன்னிரண்டரைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்து நிற்பார். மாலையில், அவருடைய இரண்டு கவளத்துக்குப் பிறகு சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதை நின்றபடி வழித்துப் போட்டுக்கொள்வாள்.

“அவளுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல டாக்டரம்மா” என்றார் மாஸ்டர்.

திரும்பி வரும்போது பஸ் கிடைக்கவில்லை. நடந்தார்கள். அவள் முன்னால் விறுவிறுவென்று போனாள். பின்னால் வந்த மாஸ்டரின் கண்ணில், அவள் மேல்சட்டையின் பக்கவாட்டுத் தையல் பட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக நாலு வரிசை ஓடியிருந்தது.

“இது என்ன, நாலு தையல் போட்டிருக்க?”

“பிடிச்சிருக்கேன். லூசாயிடுச்சு.”

“எப்ப?”

“உங்களோடதைப் பிரிக்கறப்பல்லாம்.”

மாஸ்டர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். ஒரு சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

“நின்னது போதும், வாங்க. மூணு ஸ்கூல் யூனிபார்ம் பாக்கி கெடக்கு” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தூங்கப் போகவில்லை. படத்தைக் கிழிக்கப் பார்த்தார். அது வரவில்லை. மாவுப் பசை! ஈரத்துணி வைத்தார், கத்தியால் சுரண்டினார். காரை பெயர்ந்ததே தவிரப் படம் அசையவில்லை. கடைசியில் துணியில் கோடு போடுகிற அவளுடைய நீலச் சாக்பீஸை எடுத்துவந்து, பெரிய தட்டுக்குக் கீழே சூரியனை அடித்துவிட்டு ஒரு அடுப்பு வரைந்தார். சின்னத் தட்டுக்குக் கீழே நிலாவை அடித்துவிட்டு ஒரு கட்டில் வரைந்தார். பிறகு பெரிய தட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வரைந்தார்.

“அது என்ன ஆடு?”

“ஆடு இல்லடி. உன் மெஷின்.”

“என் சாக்பீஸை வீணாக்காம போய்ப் படுங்க.”

பதினைந்து நாளும் லேசில் போகவில்லை. முதல் மூன்று நாள், சின்னத் தட்டோடு காலையில் படுத்தவர் பசி பசி என்று புரண்டார். மாலை ஆறரைக்குப் பெரிய தட்டை வைத்தால், “இருட்டிப்போச்சே, தொண்டையில இறங்கமாட்டேங்குது” என்று அடம் பிடித்தார். அவள் கையில் கத்தரிக்கோலோடு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கவளமாக இறங்க வைத்தாள். வெயில் தட்டுக்கான அலாரத்தை எடுத்து நூல் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். நடுச்சாப்பாட்டை டப்பாவில் கட்டிப் பேக்கரிக்கே கொடுத்தனுப்பினாள். உறை போடுகிற மேஜையில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுகிறபோது, மச்சினன் எதிரே வந்து நின்று, “மாஸ்டர், அடுப்பு நல்லாப் பழகிடுச்சு” என்று சொல்லுவானாம். அவன் சுட்ட ரொட்டியின் அடிக்கருக்கைச் சுரண்டித்தான் இவர் உறையில் போட வேண்டும். அதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றும். இன்னும் எத்தனை நாள் என்று விரலை மடித்துக்கொண்டே இருந்தாள்.

பதினாறாம் நாள் டாக்டரம்மா நாடி பார்த்தார், எடை பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். இரண்டரைக் கிலோ இறங்கியிருந்தது. தலைசுற்றல் ஒரு நாள்கூட வரவில்லை. கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போடும்போது, “என்ன வேலைன்னு இந்தத் தடவை மேலேயே எழுதியிருக்கேன்” என்றார். தையல்காரி கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகுதான் மூச்சே வந்தது.

அன்று மாலை மாஸ்டர் பெரிய தட்டை வழித்துத் தின்றுவிட்டு, கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவளுக்கு விடியும்வரை சரியான தூக்கம் இல்லை. முதலாளி என்ன சொல்லுவாரோ? மச்சினன் என்ன செய்வானோ? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள்.

முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைத்தான் பார்த்தாள். சட்டையின் முனை கருகியிருந்தது.

“முதல் நாளே எரிச்சுக்கிட்டு வந்தாச்சா! புதுச் சட்டைங்க இது! போன வாரம்தான் தெச்சேன்!” என்று கத்தினாள். கத்திக்கொண்டே அந்தக் கருகிய முனையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணீரெல்லாம் கரியானது.

“மச்சினனைப் பாவம் உறை போட அனுப்பிட்டாங்க” என்றார் மாஸ்டர், துளியும் பாவப்படாமல்.

இடது அக்குளில் ஒரு ரொட்டி, காகிதத்துக்குள் இன்னும் சூடாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வீட்டுக்கு எடுத்துவந்த முதல் ரொட்டி அதுதான். கை கழுவிவிட்டு நேரே சமையலறைக்குள் போனார். அவளை உட்காரச் சொன்னார். பெரிய தட்டை அவள் முன்னால் வைத்து, ரொட்டியைத் தடித்தடியாக அறுத்துப் போட்டார். முட்டையைத் தானே பொரித்தார். ஓடு உள்ளே விழுந்ததைப் பார்த்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. தன் முன்னால் சின்னத் தட்டை வைத்துக்கொண்டார்.

“எனக்கு இவ்வளவு வேணாம். பொத்தானுக்குக் காஜா எடுக்கற வேலை கெடக்குங்க.”

“நீ எந்திரிச்சு வேலைக்குப் போறவ. உனக்கு இப்பதான் விடியுது. சாப்பிடு.”

“நீங்க சொல்லித் தந்ததெல்லாம் போதும்.”

“சாப்பிடுன்னா சாப்பிடு. நீ முடிக்கிற வரைக்கும் நான் படுக்கப் போகப் போறதில்ல.”

காவல் மாதிரி எதிரே உட்கார்ந்தார். இரண்டு கவளத்தில் தன் தட்டை முடித்துவிட்டு, அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கை மெல்ல நீண்டது.

“அந்த ஒரு முட்டை மட்டும்...”

அவள் கரண்டியால் ஒரு போடு போட்டாள். கை பின்வாங்கியது. அடுத்த நிமிஷம் அவர் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார்.

இனி இவரை எழுப்பிக் கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். கருகிய முனையை வெட்டி வேறு துணி வைக்க வேண்டும். பிரித்த கால்சட்டையையெல்லாம் மறுபடி பிடித்துத் தைக்க வேண்டும். ஊசித் துளையெல்லாம் வெளியே தெரியும். அதை யார் மறைப்பது?

“மனுஷனா இவர்!” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் இரண்டாவது முட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்தபடியே.